நடுவர் வழக்கில் வரும் லத்தீன் சொற்கள்: நோட்டீஸ் வந்த நாள் முதல் நிறைவேற்று மனு வரை

பாலக்கோட்டிலோ பர்கூரிலோ இருக்கும் ஒரு லாரி உரிமையாளருக்கு, தவணை நான்கைந்து மாதம் நின்றுபோன நிலையில், சென்னையிலிருந்து பதிவுத் தபாலில் ஓர் உறை வருகிறது. உள்ளே முழுவதும் ஆங்கிலம். கல்லூரியில் படிக்கும் மகளை அழைத்துப் படிக்கச் சொன்னால், அவளும் சில இடங்களில் நின்றுவிடுகிறாள். எக்ஸ் பார்ட்டே, பெண்டெண்டே லைட்டே, ஃபங்க்டஸ் ஆஃபிசியோ என்று வரும் அந்தச் சொற்கள் லத்தீன் மொழியைச் சேர்ந்தவை. அவை புரியாததால் உறையை அலமாரியில் வைத்துவிட்டு, பிறகு வீட்டுக்கு அமீனா வரும்போது அதைத் தேடி எடுப்பவர்கள் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இன்றும் இருக்கிறார்கள்.

அந்தச் சொற்களை அகராதி வரிசையில் மனப்பாடம் செய்வதால் பயன் குறைவு. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஓர் உரிமையும், பெரும்பாலும் அந்த உரிமைக்கு ஒரு கெடுவும் இருக்கின்றன. ஆகவே வழக்கு நடக்கும் வரிசையிலேயே அவற்றைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே செல்கிறது. ஆர்பிட்ரேஷன் என்று வழங்கும் முறையை இங்கே நடுவர் தீர்வு என்றும், ஆர்பிட்ரேட்டரை நடுவர் என்றும், அவார்டை நடுவர் தீர்ப்பு என்றும் குறிப்பிடுகிறேன். குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

முதல் படி: சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது

ரோமானியர்கள் நடுவர் தீர்வை நன்கு அறிந்திருந்தனர். பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் 533ஆம் ஆண்டு வெளியான சட்டத் தொகுப்பான டைஜஸ்டின் நான்காம் நூலில் ஒரு தலைப்பு முழுவதும் இதற்கே உரியது. வழக்காடும் இருவரும் நடுவரிடம் செல்ல ஒப்புக்கொள்வதைக் காம்ப்ரொமிசம் என்றார்கள். தீர்ப்புக்குக் கீழ்ப்படியாதவர் முன்கூட்டியே பேசிக்கொண்ட அபராதத்தைச் செலுத்த வேண்டும். தீர்ப்பைக் காப்பாற்றியது அந்த அபராதமே. ஊர்ப் பஞ்சாயத்தில் இரு தரப்பும் முன்பணம் கட்டிவிட்டுப் பேச உட்காரும் வழக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

இங்கிலாந்து நீதிமன்ற ஆவணங்களில் லத்தீனை நீக்கி ஆங்கிலத்தைக் கொண்டுவரும் சட்டம் 1733இல் நடைமுறைக்கு வந்தது. 1999இல் அங்கு வந்த புதிய உரிமையியல் நடைமுறை விதிகள் எஞ்சியிருந்த பல லத்தீன் சொற்களையும் எளிய ஆங்கிலமாக மாற்றின. ஆனால் நம் நாட்டின் 1996ஆம் ஆண்டு நடுவர் தீர்வு மற்றும் சமரசச் சட்டத்தின் வாசகத்திலேயே லத்தீன் இருக்கிறது: 14ஆம் பிரிவில் டி ஜூரே, டி ஃபாக்டோ, 16ஆம் பிரிவில் இப்சோ ஜூரே, 28ஆம் பிரிவில் எக்ஸ் ஈக்வோ எட் போனோ. ஐக்கிய நாடுகளின் வணிகச் சட்ட ஆணையம் 1985இல் வகுத்த மாதிரிச் சட்டத்தை நம் நாடாளுமன்றம் பின்பற்றியதால் இவை அப்படியே வந்து சேர்ந்தன. இந்தச் சொற்களை முதலில் அறிய வேண்டும். ஏனெனில் இவை சட்டத்தின் சொற்கள். மற்றவை வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் வழிவழியாகப் பயன்படுத்துபவை.

இரண்டாம் படி: ஒப்பந்தத்தில் நடுவர் ஷரத்தைத் தேடுவது

கடன் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் இந்த ஷரத்து பெரும்பாலும் இருக்கும். நடுவர் தீர்வு அட் ஹாக் முறையில் நடக்கும் என்றிருந்தால், "இந்த ஒன்றுக்காக மட்டும்" என்று பொருள்; அதாவது எந்த நிலையான நிறுவனத்தின் விதிகளுக்கும் உட்படாமல், அந்த ஒரு தகராறுக்காக மட்டும் நடுவர் அமர்த்தப்படுவார்.

அடுத்து லெக்ஸ் ஆர்பிட்ரி, அதாவது நடுவர் தீர்வை ஆளும் சட்டம். இருக்கை, அதாவது நடுவர் தீர்வு சட்டப்படி நடப்பதாகக் கொள்ளப்படும் இடம், இந்தியாவில் இருக்கும்போது அது இந்தியச் சட்டம்தான். ஆனாலும் நடுவர் தீர்வுக்குரிய இருக்கை எந்த ஊர் என்ற கேள்வி முக்கியமானது. ஷரத்தில் இருக்கை சென்னை என்றிருந்தால், தீர்ப்பை எதிர்த்து மனுச் செய்ய வேண்டிய இடமும் சென்னை. கிருஷ்ணகிரி மாவட்ட நீதிமன்றத்தில் அதைத் தாக்கல் செய்து மாதங்களை இழக்கக் கூடாது. இந்த ஒரு வரியைப் பேனாவால் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கன்சென்சஸ் அட் ஐடெம் என்பது இரு தரப்பும் ஒரே பொருளை ஒரே கருத்தில் ஒப்புக்கொள்வது. "படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்" என்று சொல்லி இந்தக் கோட்பாட்டை நாடுபவர்கள் உண்டு. நீதிமன்றங்கள் அதை எளிதில் ஏற்பதில்லை. அதைவிடப் பயன் தருவது கான்ட்ரா ப்ரோஃபெரென்டெம்: ஒரு ஷரத்தின் பொருள் இருவகையாக இருந்தால், அதை எழுதியவருக்குப் பாதகமான பொருளே கொள்ளப்படும். அச்சடித்த ஒப்பந்தத்தை நிதி நிறுவனமே எழுதியிருக்கிறது. அபராத வட்டி எந்த நாளிலிருந்து, எந்தத் தொகைக்கு என்பது மயக்கமாக எழுதப்பட்டிருந்தால், எதிர்வாதத்தில் இந்தச் சொல்லுக்கு இடம் உண்டு.

மூன்றாம் படி: உறையைப் பெற்றுக்கொள்வது

விஜிலாண்டிபஸ் நான் டார்மியென்டிபஸ் ஜூரா சப்வெனியன்ட். விழித்திருப்பவருக்கே சட்டம் துணை, உறங்குபவருக்கு இல்லை என்பது இதன் பொருள். தபால்காரரிடம் "ஆள் இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்புவது ஒரு தற்காப்பு என்று நம் பக்கம் பலரும் நம்புகிறார்கள். சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, தொழில் செய்யும் இடத்திலோ வழக்கமாக வசிக்கும் இடத்திலோ சேர்ப்பிக்கப்பட்ட கடிதம் பெறப்பட்டதாகவே கருதப்படும். முறையாக விசாரித்தும் அத்தகைய இடத்தைக் கண்டறிய முடியாதபோது, கடைசியாகத் தெரிந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாலே போதும். 21ஆம் பிரிவின்படி, தகராறை நடுவரிடம் விடக் கோரும் கடிதம் எதிர்த் தரப்புக்குக் கிடைத்த நாளில்தான் நடவடிக்கை தொடங்குகிறது. எனவே உறையை வாங்குங்கள். வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதுங்கள்.

நான்காம் படி: நடுவர் யார், அவரை அமர்த்தியவர் யார்

இந்தப் படியில் நிதானமாக நிற்க வேண்டும். எளியவர்களின் வழக்குகள் பெரும்பாலும் இங்கேயே தோற்கின்றன.

நெமோ ஜூடெக்ஸ் இன் காசா சுவா என்றால், தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக யாரும் இருக்கக் கூடாது. ஜஸ்டினியனின் சட்டக் கோவையில் இதற்குத் தனித் தலைப்பே இருக்கிறது. இங்கிலாந்தில் 1610இல் நீதிபதி எட்வர்ட் கோக் டாக்டர் பொனாம் வழக்கில் இதே கொள்கையை எடுத்துரைத்தார். நம் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு உருவம் கொடுத்தது. ஒரு தரப்பின் ஊழியராகவோ ஆலோசகராகவோ இருப்பவர், அல்லது அத்தரப்புடன் முன்போ இப்போதோ தொழில் உறவு கொண்டவர் நடுவராக இருக்கத் தகுதியற்றவர் என்று 12(5)ஆம் பிரிவும் ஏழாம் அட்டவணையும் கூறுகின்றன. தகராறு எழுந்த பிறகு இரு தரப்பும் எழுத்தில் வெளிப்படையாகச் சம்மதித்தால் மட்டுமே இந்தத் தகுதியின்மை நீங்கும். கடன் வாங்கிய அன்று போட்ட கையெழுத்து இதற்குப் போதாது.

ஊழியர் நடுவராக இருக்கக் கூடாது என்றால், நிறுவனமே தனக்கு வேண்டிய ஒருவரைத் தனி நடுவராக அமர்த்தலாமா? தீர்ப்பின் பயனில் அக்கறை உள்ளவருக்குத் தனி நடுவரை அமர்த்தும் அதிகாரம் இருக்கக் கூடாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரு தரப்பு மட்டும் தனி நடுவரை அமர்த்த வழி செய்யும் ஷரத்து, நடுவரின் சார்பின்மை குறித்து நியாயமான ஐயத்தை எழுப்புகிறது என்று 2024 நவம்பர் 8ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மேலும் வலுப்படுத்தியது. உங்களுக்கு வந்த உறையில் "எங்கள் நிறுவனம் இன்னாரைத் தனி நடுவராக அமர்த்தியுள்ளது" என்று மட்டும் இருந்து, உங்கள் சம்மதமும் கேட்கப்படாமல், உயர் நீதிமன்றத்தின் உத்தரவும் இல்லாமல் இருந்தால், முதல் பதிலிலேயே எழுத்துமூலம் ஆட்சேபிக்க வேண்டும்.

அத்துடன், நடுவர் தம்மைப் பற்றிய விவரங்களை ஆறாம் அட்டவணையின் படிவத்தில் எழுதித் தர வேண்டும் என்பதை நினைவூட்டி அதைக் கேளுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் அதே நிறுவனம் அவரை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை நடுவராக அமர்த்தியிருந்தால், அது ஐந்தாம் அட்டவணைப்படி ஐயத்துக்குரிய காரணம். இத்தகைய காரணம் தெரியவந்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் நடுவரிடமே எழுத்தில் ஆட்சேபணை கொடுக்க வேண்டும் என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. 15 நாட்கள் மிகக் குறைவு. மாம்பழ சீசனில் லாரியோடு வெளியூர் சென்று திரும்புவதற்குள் அவை கழிந்துவிடும்.

டி ஜூரே, டி ஃபாக்டோ என்ற இணைச் சொற்களின் இடமும் இதுவே. நடுவர் தம் பணியைச் செய்ய இயலாதவராகிவிட்டால் அவருடைய அதிகாரம் முடிவுக்கு வருகிறது. நோய்வாய்ப்பட்டுப் படுத்துவிட்டால் அது டி ஃபாக்டோ, அதாவது நடைமுறையில் இயலாமை. ஏழாம் அட்டவணைப்படி தகுதியற்றவராக இருந்தால் அது டி ஜூரே, சட்டப்படி இயலாமை. இரண்டாவது நிலையில் 15 நாள் கெடுவோடு நின்றுவிடாமல், 14ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தை நேரடியாக அணுக முடியும்.

ஐந்தாம் படி: அதிகாரத்தையே கேள்வி கேட்பது

"ஒப்பந்தமே செல்லாது, ஆகவே நடுவருக்கு வேலையில்லை" என்ற வாதம் நியாயமாகவே ஒலிக்கும். 16ஆம் பிரிவு அதை மறுக்கிறது. மூல ஒப்பந்தம் செல்லாது என்று நடுவரே முடிவு செய்தாலும், அதனால் நடுவர் ஷரத்து இப்சோ ஜூரே, அதாவது சட்டத்தின் இயக்கத்தாலேயே தானாகச் செல்லாததாகிவிடாது. ஒரே தாளில் இருந்தாலும் ஷரத்து தனி ஒப்பந்தமாகவே பார்க்கப்படுகிறது. தமக்கு அதிகாரம் உண்டா என்பதை முதலில் நடுவரே முடிவு செய்கிறார். இதைக் குறிக்கும் காம்பெடென்ஸ் காம்பெடென்ஸ் என்ற தொடர் ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது. அதிகாரமில்லை என்ற ஆட்சேபணையை எதிர்வாதம் தாக்கல் செய்யும் வேளைக்குள் எழுப்பிவிட வேண்டும். நடுவரை அமர்த்துவதில் நீங்கள் பங்கெடுத்திருந்தாலும்கூட இந்த உரிமை போய்விடாது.

ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை செலுத்தவில்லை என்ற வாதமும் அடிக்கடி வருகிறது. அத்தகைய ஒப்பந்தம் வாய்ட் ஆப் இனிஷியோ, அதாவது தொடக்கத்திலிருந்தே செல்லாதது ஆகிவிடாது. குறையைத் தீர்வை செலுத்திச் சரிசெய்யலாம் என்று 2023 டிசம்பரில் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்த்துவைத்துவிட்டது. அதில் உழைப்பைச் செலவிட வேண்டாம்.

ஆறாம் படி: விசாரணை

ஆடி ஆல்டெரம் பார்ட்டெம்: மறுதரப்பையும் கேள். இரு தரப்பையும் சமமாக நடத்தி, தத்தம் வாதத்தை முன்வைக்க முழு வாய்ப்புத் தர வேண்டும் என்ற 18ஆம் பிரிவு இந்தத் தொடரின் இந்திய வடிவம். எதிர்த் தரப்பு நடுவரிடம் கொடுத்த ஒவ்வொரு தாளின் நகலையும் கேட்டு வாங்கும் உரிமை இதிலிருந்து கிடைக்கிறது. கணக்குப் பட்டியல் ஒன்றை உங்களுக்குக் காட்டாமலேயே அதன் மீது தீர்ப்பு எழுதப்பட்டிருந்தால், பின்னால் தீர்ப்பை எதிர்க்க அதுவே வலுவான காரணமாகும்.

எந்த மொழியில் விசாரணை நடக்க வேண்டும் என்பதை இரு தரப்பும் பேசி முடிவு செய்யலாம் என்று 22ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி உடன்பாடு இல்லையென்றால் நடுவர் முடிவு செய்வார். ஒப்பந்தத்தில் மொழி குறிப்பிடப்படாத வழக்குகளில் தமிழில் விசாரிக்கும்படி எழுதிக் கேளுங்கள். மறுக்கப்பட்டாலும் ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்புக் கேட்கலாம். இந்தப் பிரிவை நம்மவர்கள் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

எக்ஸ் பார்ட்டே என்பது ஒரு தரப்பு இல்லாமல் நடப்பது. நீங்கள் போகாவிட்டால் விசாரணை நின்றுவிடாது. கிடைத்த சான்றுகளைக் கொண்டு நடுவர் தீர்ப்பெழுதலாம். ஆனால் எதிர்வாதம் தராததை மட்டும் வைத்து, நீங்கள் கடனை ஒப்புக்கொண்டதாக அவர் கொள்ள முடியாது என்று 25ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. சென்னைக்குப் போய்வரச் செலவாகும் என்றால், காணொளி வழியாகக் கேட்கும்படி கடிதம் எழுதுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும், கடிதம் எழுதியதற்கான சான்று உங்கள் கையில் இருக்கும்.

எக்ஸ் ஈக்வோ எட் போனோ என்றால் நியாயத்தையும் நன்மையையும் கொண்டு தீர்ப்பது. ஆலமரத்தடியில் ஊர்ப் பெரியவர்கள் செய்வது ஏறத்தாழ இதுதான்: பத்திரம் என்ன சொல்கிறது என்பதோடு நிற்காமல், இருவரும் நாளை முகம் பார்த்துப் பேச வேண்டுமே என்றும் எண்ணித் தீர்ப்பார்கள். இந்தச் சட்டத்தின்கீழ் வரும் நடுவரோ, இரு தரப்பும் வெளிப்படையாக அதிகாரம் கொடுத்தால் ஒழிய அப்படித் தீர்க்க முடியாது. "மழை பொய்த்தது, லாரி தொப்பூர் கணவாயில் கவிழ்ந்தது, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்ற வேண்டுகோள் நடுவரின் மனத்தைத் தொடலாம். தீர்ப்பு ஒப்பந்தத்தின் ஷரத்துகளையும் சட்டத்தையும் ஒட்டியே அமையும். அந்த வேண்டுகோளுக்கு உரிய இடம் சமரசப் பேச்சு அல்லது லோக் அதாலத்.

செய்த வேலைக்குரிய கூலியைக் கேட்கும் குவாண்டம் மெருயிட் என்ற சொல் ஒப்பந்ததாரர்களின் வழக்குகளில் வரும். ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகம் செய்து கொடுத்துவிட்டுப் பணம் வராமல் நிற்கும் சிறு தொழிற்கூடத்தாருக்கு அதைவிட உதவுவது ஜெனரலியா ஸ்பெஷலிபஸ் நான் டெரோகன்ட், அதாவது பொதுச் சட்டம் சிறப்புச் சட்டத்தைத் தள்ளாது என்ற விதி. 2006ஆம் ஆண்டின் சிறு, குறு தொழில் மேம்பாட்டுச் சட்டம் சிறப்புச் சட்டம். ஒப்பந்தத்தில் வேறு நடுவர் ஷரத்து இருந்தாலும் அவர்கள் அந்தச் சட்டத்தின் வசதியாக்க மன்றத்தை அணுகலாம். ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாக அங்கே கிடைக்கும்.

ஏழாம் படி: தீர்ப்பு கைக்கு வரும்போது

தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் பெண்டெண்டே லைட்டே வட்டி என்று ஒரு வரி இருக்கும். வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்துக்கான வட்டி அது. அதற்கு முந்தைய காலம், அந்தக் காலம், தீர்ப்புக்குப் பிந்தைய காலம் என்று மூன்றையும் தனித்தனியாகக் கணக்கிட்டுப் பாருங்கள். பிந்தைய காலத்துக்குத் தீர்ப்பில் விகிதம் குறிப்பிடப்படாவிட்டால், நடப்பு வட்டி விகிதத்தைவிட 2 சதவீதம் கூடுதல் என்று 31(7)ஆம் பிரிவு சொல்கிறது.

இறுதித் தீர்ப்பை வழங்கியதும் நடுவர் ஃபங்க்டஸ் ஆஃபிசியோ, அதாவது பணி முடித்தவர் ஆகிவிடுகிறார். பிறகு அவரிடம் போய் முறையிட்டுப் பயனில்லை. ஒரு விலக்கு உண்டு: கூட்டல் பிழை, எழுத்துப் பிழை இருந்தால் தீர்ப்புக் கிடைத்த 30 நாட்களுக்குள் 33ஆம் பிரிவின்கீழ் திருத்தக் கேட்கலாம்.

எட்டாம் படி: தீர்ப்பை எதிர்ப்பது

34ஆம் பிரிவின்கீழ் மனுச் செய்ய, கையெழுத்திட்ட தீர்ப்பு நகல் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 30 நாள். அதற்குப் பிறகு ஒருநாள் தாமதத்தைக்கூட நீதிமன்றத்தால் மன்னிக்க இயலாது. மனுத் தாக்கல் செய்துவிட்டதாலேயே, இப்சோ ஃபாக்டோவாக, தீர்ப்பின் நிறைவேற்றம் நின்றுவிடாது. 2015 திருத்தத்துக்குப் பின் தடை உத்தரவுக்குத் தனி மனு போட வேண்டும்.

நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு இந்தப் படி தனிக் கவனத்துக்குரியது. சாலைகள் பல சந்திக்கும் கிருஷ்ணகிரியில் அப்படிப்பட்ட குடும்பங்கள் ஏராளம். 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 3ஜி(5) பிரிவின்படி, இழப்பீடு போதாது என்பவர் மத்திய அரசு அமர்த்தும் நடுவரிடம் மனுச் செய்யலாம். தமிழ்நாட்டில் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியரே அந்த நடுவர். அங்கே கேட்க மறக்கக் கூடாத லத்தீன் சொல் சொலேஷியம். ஆறுதல் என்று பொருள். விருப்பமில்லாமல் நிலத்தை இழந்தவருக்குச் சந்தை மதிப்புக்கு மேல் தரும் தொகை அது. இதை மறுத்த 3ஜே பிரிவு அந்த அளவில் செல்லாது என்று 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆட்சியர் குறைத்துத் தீர்மானித்த தொகையை 34ஆம் பிரிவின்கீழ் மாவட்ட நீதிமன்றம் உயர்த்தித் தரலாமா என்ற கேள்வி நீண்டகாலம் நிலவியது. தமிழ்நாட்டு நெடுஞ்சாலை வழக்குகளில் 2021இல் உச்ச நீதிமன்றம், நீக்கலாம், மாற்றியமைக்க முடியாது என்றது. 2025 ஏப்ரல் 30ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மை, ஓம்னே மாஜுஸ் கான்டினெட் இன் சே மினுஸ், அதாவது பெரிய அதிகாரத்துக்குள் சிறிய அதிகாரம் அடங்கும் என்ற விதியைத் துணைகொண்டு, வரம்புக்கு உட்பட்டு மாற்றியமைக்கலாம் என்றது. பிரித்தெடுக்கக் கூடிய பகுதி, கணக்குப் பிழை, சில நிலைகளில் தீர்ப்புக்குப் பிந்தைய வட்டி ஆகியவை அந்த வரம்புக்குள் வருகின்றன. எல்லா வழக்கிலும் தொகையை உயர்த்தித் தருவார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்.

ஒன்பதாம் படி: நிறைவேற்று மனு

எதிர்க்கும் காலம் கடந்த தீர்ப்பு, நீதிமன்ற டிக்ரியைப் போலவே நிறைவேற்றப்படும். நடுவர் தீர்வு சென்னையில் நடந்திருந்தாலும், உங்கள் சொத்து இருக்கும் ஊரின் நீதிமன்றத்தில் நிறுவனம் நேரடியாக நிறைவேற்று மனு போடலாம் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதால், முதல்முறையாகத் தருமபுரி நீதிமன்றச் சம்மன் வரும்போதுதான் சிலருக்குத் தீர்ப்பு இருப்பதே தெரிகிறது. அந்தக் கட்டத்தில் கடன் கணக்கை மீண்டும் பேச முயன்றால் ரெஸ் ஜூடிகாட்டா, அதாவது தீர்க்கப்பட்ட விஷயம், என்ற பதிலே வரும்.

அதுவரை தீர்ப்பின் நகல் உங்களுக்குத் தரப்படவே இல்லை என்பது உண்மையானால், சம்மனை எடுத்துக்கொண்டு அன்றே வழக்கறிஞரிடம் செல்லுங்கள். கையெழுத்திட்ட தீர்ப்பு நகலைக் கேட்டு நடுவருக்கும் நிறுவனத்துக்கும் பதிவுத் தபால் அனுப்புங்கள். நகல் வரும் உறையைத் தபால் முத்திரை கிழியாமல் பிரித்துப் பத்திரப்படுத்துங்கள். மூன்று மாதக் கணக்கு அந்த முத்திரையைக் காட்டித்தான் பேசப்படும்.